மங்கை விழுங்காத மாத்திரைகள்

காய்ச்சல் வந்ததில் மங்கைக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஆறாம் மாதம். வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, கண்டதைத் தின்றதில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவள், குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே பாட்டிலில் எடுத்துப்போவாள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் காய்ச்சல் வருமென்றால் அப்புறம் என்னதான் நியாயம் இருக்கிறது என்று கணவன் தேஜஸிடம் கேட்டாள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்த அவன், டாக்டரிடம் போகலாம் என்றான்.

மறுநாள் போனார்கள். ஆனால் மறுநாள் காய்ச்சல் இல்லை. முந்தைய நாள் மத்தியானம் பல் கிட்டிப்போகும்படி குளிர் கண்டு, இரண்டு கம்பளிக்கு அடியில் நடுங்கி, பிறகு உடம்பெல்லாம் அனலாகக் கொதித்து, கடைசியில் தலையணை நனைய வியர்த்து ஓய்ந்தவள், அன்றைக்குக் குளித்துத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். தெர்மாமீட்டரில் ஒன்றும் ஏறவில்லை. வைரல் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை, வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் காய்ச்சல் மாத்திரை எழுதித்தந்தார். மங்கை அதை வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொள்ளமாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை உண்டானபோது, மூன்றாம் மாதம், பல்வலி தாங்காமல் ஒரே ஒரு மாத்திரை விழுங்கினாள். அந்த வாரத்திலேயே கலைந்துபோனது. மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பல பேருக்கு முதல் குழந்தை இப்படிப் போவதுண்டு என்று அந்த டாக்டரம்மா எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. மாத்திரை சூடு, சூடு கருவைக் கலைக்கும், அவ்வளவுதான். மாமனார் பாஷ்யத்தின் அக்கா பெருந்தேவி அத்தை அடுத்த தெருவிலிருந்து வந்து ஒருபாட்டம் அழுதுவிட்டு, "ஒரு பல்வலியைப் பொறுத்துக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி மங்கையோடு மூன்று வருஷமாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

ஆகவே மிளகு ரசம், சுக்கு, நெற்றியில் பற்று. காய்ச்சல் வந்தது, போனது, வந்தது. கண்பட்டுவிட்டது என்று அத்தை உப்பு மிளகாய் சுற்றிப்போட்டாள். சுற்றிப்போட்ட மறுநாள் காய்ச்சல் இல்லை. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்த நாள் பெருமை போய்விட்டது.

ஒன்று விட்டு ஒன்று எண்ணுவதற்குக் கணக்கு டீச்சர் வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு அது உறைத்தது. கல்லூரியில் ஒரு பிரிவுக்குப் பாடம் பாதி முடிந்திருந்தது. இன்னொரு பிரிவுக்கு ஒரு வரிகூட நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வகுப்பு வருகிற நாளெல்லாம் இவள் கம்பளிக்குள் இருந்திருக்கிறாள். இது என்ன காய்ச்சல், முறை வைத்துக்கொண்டு வருகிறது என்று முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். தனியாரிடம் வைத்தியம் பார்க்கிறவர்களும் அங்கே பதிந்து எண் வாங்கினால்தான் பின்னால் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்பதால் மங்கையும் மாதாமாதம் போவாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே குளிர் ஆரம்பித்தது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். மற்ற பெண்கள் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். நர்ஸ் கௌசர் ரத்த அழுத்தக் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து அவள் கையைத் தொட்டுப்பார்த்தாள்.

"இது எத்தினி நாளா மேடம்?"

"பத்து நாளா. ஒருநாள் விட்டு ஒருநாள்."

கௌசர் விரல் நுனியில் குத்தி, ஒரு சின்ன அட்டையில் ஒரு சொட்டும் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டும் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அட்டையில் கோடு தெரிந்தது. மலேரியா.

மங்கைக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை அவள் பலமுறை படித்திருக்கிறாள். டெங்கு பணக்காரன் ஏழை பார்க்காது என்று தெரியும். மலேரியா என்றால் சாக்கடை ஓரம் குடியிருக்கிறவர்களுக்கு வருவது, அதுவும் எந்தக் காலத்திலோ ஒழிந்துபோனது என்று நினைத்திருந்தாள்.

"எங்காத்துப் பக்கம் சாக்கடையே திறந்து கிடையாதே. தினம் வாசல் தெளிச்சு, துடைச்சு..."

"சாக்கடைக் கொசு வேற மேடம். இத்த பரப்புறது நல்ல தண்ணிலதான் முட்டை வுடும். வூட்ல தண்ணி எங்கனா தொறந்து கெடக்குதா?"

"இல்லையே," என்றாள் மங்கை. வீட்டுக் கிணறு அவள் நினைவுக்கே வரவில்லை. அதைத் தண்ணீர் திறந்து கிடக்கிற இடமாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். மூன்று நாளைக்கு மாத்திரை, பிறகு பிரசவம் வரை வாரம் ஒரு தடவை. நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பத் தலைதூக்கும், ரத்தம் குறையும், குழந்தை வளராமல் போகும் என்று சொன்னார். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடாத மாத்திரை ஒன்று உண்டு, அதைக் கொடுக்கவில்லை, இது பாதகமில்லாதது என்றும் சொன்னார். மங்கையின் காதில் விழுந்தது 'கர்ப்பத்தில் கொடுக்கக்கூடாத மாத்திரை' மட்டும்தான்.

வெளியே வரும்போது கௌசரைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "நீங்களா இருந்தா இதைப் போட்டுப்பேளா?"

"நானா? எனக்கு மொதப் புள்ளைக்கு இதே ஜுரம்தான் மேடம். போட்டுக்கினேன். அவன் இப்ப எல்.கே.ஜி. டிபன் பாக்ஸ்ல பாதிய மிச்சம் வெக்கிறான், வேற ஒரு கொறையும் இல்ல."

அவளுக்கு ஒத்துக்கொண்டது, நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே மங்கை ஆட்டோ ஏறினாள். படித்த பெண்தான். ஆனால் பயம் வந்த இடத்தில் படிப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டாள், தேஜஸ் எதிரில் நின்றதால். மூன்றாம் நாள் அவனுக்குக் காலை ஷிஃப்ட். காய்ச்சல் முறை அன்றைக்குத்தான். மத்தியானம் ஆயிற்று, குளிர் வரவில்லை. வராத காய்ச்சலுக்கு எதற்கு மாத்திரை? வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. மாத்திரைகளைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடினாள். சாயங்காலம் தேஜஸ் கேட்டபோது, "ஆச்சு," என்றாள். அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே "ஆச்சு"தான். குழந்தைக்காகச் சொல்கிற பொய், அதனால் அது பொய்யே இல்லை என்று அவளுக்கு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் கொசு ஒழிப்பு ஊழியர் முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார். மலேரியா கண்ட வீட்டைச் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு. மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. பாஷ்யம் கூடவே நடந்து, எங்கள் வீட்டில் என்ன கிடைக்கும் என்கிற தோரணையில் விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். கடைசியில் கொல்லைப்புறக் கிணறு.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் பெருமாளுக்கு மட்டும். போர் போட்ட பிறகு குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் குழாய்தான். பாஷ்யம் தினமும் விடியற்காலையில் நனைந்த வேஷ்டியோடு வந்து, திருவாராதனத்துக்கு ஒரு குடம் சேந்துவார். அதோடு சரி. மூடிய கிணற்றுத் தண்ணீர் ஆராதனத்துக்கு ஆகாது, அதன்மேல் வெயில் விழவேண்டும் என்பது அவர் அப்பா சொன்னது. ஆகவே மூடி கிடையாது. யாரும் கலக்காத, குப்பை விழாத, அடி தெரிகிற தண்ணீர். கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது. முனிரத்தினம் கயிற்றில் வாளியை இறக்கி, ஓரமாக மொண்டு, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன.

"மருந்து ஊத்திரலாம் சாமி."

"மருந்து ஊத்தின தண்ணியிலே பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணச் சொல்றியா?"

"அப்ப மீனு வுடலாம். சின்ன மீனுதான். புழுவ எல்லாம் துன்னுட்டு அதும்பாட்டுக்குக் கெடக்கும்."

பாஷ்யம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மீனா? இந்தாத்துக் கிணத்துலயா?"

"பெருமாளு மொதல்ல எடுத்த அவதாரமே மீனுதானே சாமி!"

"அவர் சமுத்திரத்துல எடுத்தார். என் கிணத்துல எடுக்கலை."

அந்த அவதார மீன் ஒரு கமண்டலத்துத் தண்ணீரில்தான் வளர ஆரம்பித்தது என்பது பாஷ்யத்துக்குத் தெரியாததல்ல. நாற்பது வருஷம் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். அந்த நேரத்தில் அதை ஞாபகப்படுத்திக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. பேச்சு வளர்ந்து, கடைசியில் வலை கட்டுவதாக ஒப்புக்கொண்டார். கட்டவும் செய்தார். ஆனால் குடம் சேந்த தினமும் அவிழ்க்க வேண்டும், வெயில் விழுவதற்காக அப்படியே விட்டுவைப்பார், பிறகு கட்ட மறந்துபோவார். முனிரத்தினம் இரண்டு தடவை வந்து சத்தம்போட்டுவிட்டுப் போனார்.

கார்த்திகையில், எட்டாம் மாதம், சீமந்தம் நடந்தது. மங்கையின் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வந்தவர்கள் எல்லோரும் வயிறு சின்னதாக இருக்கிறது, பிள்ளைதான் என்றார்கள். மங்கை சிரித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு மாதமாகவே படியேறினால் மூச்சு வாங்கியது, கண் இமைக்குள் வெளுத்திருந்தது. மசக்கையில் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாஷ்யத்துக்கு உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது. ஏதோ வேலை செய்கிறாள் என்று விட்டுவிட்டார். சத்தம் நிற்கவேயில்லை. எழுந்துபோய்ப் பார்த்தார். மங்கை கட்டிலில் சுருண்டு கிடந்தாள். குளிரில் அவள் கைகள் உதறிக்கொண்டிருந்தன.

அன்று ராத்திரி காய்ச்சல் இறங்கியது. ஆனால் குழந்தை அசையவில்லை. மங்கை இடது பக்கம் படுத்தாள், சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள், வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தாள். இந்தத் தடவை நான்தான் மாத்திரையை நிறுத்திவிட்டேனே, நிறுத்திவிட்டேனே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. விடிந்தும் விடியாமலும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இதயத் துடிப்பு இருந்தது. அதைக் கேட்டு தேஜஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் ஸ்கேனில் குழந்தை எட்டாம் மாதத்துக்கு உண்டான அளவில் இல்லை. மங்கைக்கு ரத்தம் பாதிதான் இருந்தது. மறுபடி மலேரியா. வார்டு டாக்டர் இளம்பெண். அதட்டலாகவே கேட்டாள்.

"வாரா வாரம் மாத்திரை போட்டீங்களா?"

கட்டிலின் இந்தப் பக்கம் தேஜஸ், அந்தப் பக்கம் பாஷ்யம். மங்கை, "போட்டேன்," என்றாள்.

"ஒருவேளைகூட விடலையே?"

"விடலை."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். "அப்படீன்னா புதுசா கடிச்சிருக்கணும். வீட்டுல இன்னும் கொசு உற்பத்தி இருக்கா? அதைப் பார்த்தீங்களா இல்லையா?"

பாஷ்யம் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

மங்கை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊசி மூலம் இரும்புச்சத்து, மாத்திரை, எல்லாம் நர்ஸ் எதிரில் நின்று கொடுத்ததுதான். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் விழுங்கினாள். இரண்டாம் நாளே குழந்தை துள்ளியது. மாத்திரை உள்ளே போகப் போகக் குழந்தை அசைவது கூடிக்கொண்டே வந்ததை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட முடியவில்லை. இதை முன்பே செய்திருக்கலாமே என்கிற எண்ணம் விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கிணற்றில் மீன் விட்டிருந்தார்கள். பாஷ்யமே முனிரத்தினத்தைத் தேடிப்போய்க் கூட்டிவந்தாராம். வாளியைச் சாய்க்கிறபோது பக்கத்திலேயே நின்றாராம். இதை தேஜஸ் சிரித்துக்கொண்டு சொன்னான். ஆனால் சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதை மங்கை மறுநாள் விடியற்காலையில் பார்த்தாள். பாஷ்யம் முழங்கால் வலியோடு, தோளில் குடத்தை வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பெருந்தேவி அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வாசலில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பிடிவாதத்தால உன் குழந்தை இளைச்சுப்போச்சும்மா," என்றார். "பெருமாள் எனக்கு எந்தத் தண்ணி கொடுத்தா என்னன்னு கேக்கறார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியலை."

மங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாயைத் திறந்தால் தேஜஸ் முகத்தில் விழிக்க முடியாது, அத்தைக்கு விஷயம் போகும், தெருவுக்குப் போகும். சொல்லாவிட்டால் அறுபத்தெட்டு வயசு மனிதர் தினமும் குடம் தூக்கிக்கொண்டு நடப்பார். மத்தியானம் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது போய்க் கைப்பையைத் திறந்து, உள்ஜிப்பிலிருந்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கிணறு இல்லைப்பா. முதல் தடவை வேணா கிணறா இருக்கலாம். ரெண்டாவது தடவை நான். ரெண்டு நாளோட நிறுத்திட்டேன். ஒரு வாரம்கூடப் போட்டுக்கலை. டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

பாஷ்யம் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப்பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஏன் போட்டுக்கலை?"

"போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு."

ஊஞ்சல் நின்றது.

"போன தடவை மாத்திரையாலதான்னு இந்தாத்துல முதல்ல சொன்னது நான்தான். அக்காகிட்ட நான்தான் சொன்னேன். டாக்டரம்மா இல்லைன்னு அடிச்சுச் சொன்னா. எனக்குக் கேக்க மனசில்லை. காரணமே இல்லாம ஒரு உயிர் போச்சுன்னா தாங்க முடியலைம்மா. ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீ விழுங்கின மாத்திரை கண்ணுக்குத் தெரிஞ்சுது."

மங்கைக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"மூணு வருஷம்பா," என்றாள். "மூணு வருஷமா நான்தான் கொன்னேன்னு நினைச்சிண்டு தூங்கறேன்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி தேஜஸிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. பேசாமலேயே மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினான். அவள் விழுங்கும்வரை அங்கேயே நின்றான்.

தை பிறந்து சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொடுத்தார்கள். அழுகை மட்டும் நல்ல வாட்டசாட்டமான குழந்தையின் அழுகை. லக்ஷணா என்று பெயர் வைப்பதாக முடிவாயிற்று.

பெயர் வைக்கிற புண்யாகவாசனத்தன்று கூடம் நிறைய உறவுக்காரர்கள். பெருந்தேவி அத்தை குழந்தையை மடியில் வாங்கி, துணியை விலக்கிக் கைகாலைப் பார்த்தாள். வந்திருந்தவர்களில் மங்கையின் ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி ஐந்து மாதம். அவள் பக்கம் திரும்பி அத்தை சொன்னாள்: "பார்த்துக்கோ. வயித்துல குழந்தையை வெச்சிண்டு மாத்திரையா முழுங்கினா இப்படித்தான், கோழிக்குஞ்சாட்டம் பொறக்கும்."

அந்தப் பெண்ணின் கை தன் வயிற்றுக்குப் போனது. மங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்குமுன் பாஷ்யம் மணையிலிருந்து எழுந்துவிட்டார். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார்.

"அக்கா, மாத்திரை முழுங்கினதால இல்லை. முழுங்காததால," என்றார். கூடம் முழுக்கக் கேட்கிற குரல். "முழுங்க விடாம அவளைப் பயமுறுத்தி வெச்சிருந்தது நான். முதல் குழந்தை மாத்திரையாலதான் போச்சுன்னு உன்கிட்ட சொன்னதும் நான்தான். அது பொய். மங்கை மேல ஒரு தப்பும் இல்லை. அன்னிக்கும் இல்லை."

அத்தை விலக்கிய துணியை இழுத்துக் குழந்தையை மூடினாள். அந்த ஐந்து மாதப் பெண் மெதுவாக நகர்ந்து மங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மன்னி, எனக்கும் நாலு நாளா குளிர்றது," என்றாள் காதோடு. "ஆத்துல யார்கிட்டயும் சொல்லலை."

மங்கை குழந்தையை அத்தையின் மடியிலிருந்து வாங்கி தேஜஸிடம் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வா, போலாம்," என்றாள்.